மெதுவாக இறங்கும் மருந்து



மெத்தடோன் என்ற மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். இரண்டு கணக்குகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு வேளை மெத்தடோன் வலியைத் தணிப்பது ஏறக்குறைய 4 மணி நேரத்திலிருந்து 8 மணி நேரம் வரை. ஆனால் உள்ளே போன மருந்தில் பாதி வெளியேறவே பெரும்பாலோருக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகிறது. சிலருக்கு எட்டு மணி நேரத்தில் பாதி போய்விடும். சிலருக்கு இரண்டரை நாள்கூட ஆகும். யாருக்கு எப்படி என்று ஆளைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதில் என்ன ஆபத்து? வலி திரும்பிவிட்டது, மருந்து தீர்ந்திருக்கும் என்று நினைத்து ஒருவர் இன்னொரு மாத்திரை போட்டுக்கொள்கிறார். மருந்து தீரவில்லை, பலன்தான் தீர்ந்தது. பழைய மருந்தின் மீதிமேல் புதியது சேர்கிறது. முதல் நாள் ஒன்றும் தெரியாது. இரண்டாம் நாளும் நன்றாகத்தான் இருப்பார். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அதே அளவு மருந்து தூக்கத்தில் மூச்சை அடக்கிவிடக்கூடும். மெத்தடோன் தொடங்கும்போது முதல் இரண்டு வாரங்களை மருத்துவர்கள் கண்ணும் கருத்துமாகப் பார்ப்பது இதனால்தான். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சை என்றால் முதல் நாள் வழக்கமாக 20 முதல் 30 மில்லிகிராம். பிறகு சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்துவார்கள். பலருக்கு 60-க்கும் 120-க்கும் இடையில் எங்கோ ஓரிடத்தில் நிலைபெறும். இன்னும் கொஞ்சம் கொடுங்கள் டாக்டர் என்று நோயாளி கெஞ்சினாலும் அவசரப்படாத மருத்துவரே நல்ல மருத்துவர்.

இது ஓபியம் குடும்பத்து மருந்துதான். ஆனால் அபினிச் செடியிலிருந்து எடுப்பதல்ல. 1930-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் ஹோக்ஸ்ட் ஆலையில் ரசாயனக் கூட்டாகவே செய்தார்கள். போருக்குப் பின் 1947-இல் அமெரிக்காவில் வலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. அதற்குப் புது வாழ்வு கிடைத்தது 1964-இல், நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் ஆய்வு நிறுவனத்தில். வின்சென்ட் டோல் என்ற உடல்வேதி ஆய்வாளர், மேரி நைஸ்வாண்டர் என்ற மனநல மருத்துவர், மேரி ஜீன் கிரீக் என்ற இளம் மருத்துவர், இந்த மூவரும் ஹெராயினுக்கு அடிமைப்பட்ட சிலரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். முதலில் மார்ஃபின் கொடுத்தார்கள். அடுத்த ஊசி எப்போது என்று காத்திருப்பதைத் தவிர அவர்கள் வேறொன்றும் செய்யவில்லை. மெத்தடோனுக்கு மாற்றிய பிறகு ஒருவர் படம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் பள்ளிப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு வேளை போதும், கிறக்கமும் இல்லை, கைகால் குடைச்சலும் இல்லை. மெதுவாக இறங்குவதுதான் இந்த மருந்தின் ஆபத்து என்றேனே, அதன் பயனும் அதேதான்.

இனிப் பரிசோதனைக்கு வருகிறேன். சிகிச்சைக்கு வருகிறவர் வெளியே ஹெராயினும் போட்டுக்கொள்கிறாரா என்று தெரிந்தாக வேண்டுமல்லவா? சிறுநீரிலிருந்து இத்தகைய மருந்துகளைப் பிரித்துக் கண்டறியும் ஒரு முறையை டோலும் அவருடைய சகாக்களும் 1966-இல் வெளியிட்டார்கள். சிகிச்சையைக் கொண்டுவந்த அதே கூடத்திலிருந்து பரிசோதனையும் வந்தது. அது அங்கே வைத்தியத்தின் ஒரு பகுதி. நீரிழிவுக்காரருக்குச் சர்க்கரை பார்ப்பதில்லையா, அப்படி. பின்னாளில் பல இடங்களில் அது காவல்காரன் வேலைக்குப் போய்விட்டது என்பது என் வருத்தம்.

சிறுநீர்ப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று நோயாளிக்கும் குடும்பத்துக்கும் தெரிந்திருப்பது நல்லது. ஓபியம் வகைக்கான சாதாரணப் பட்டைச் சோதனை மார்ஃபினையும் கோடீனையும்தான் தேடுகிறது. மெத்தடோன் அதில் தெரியாது, அதற்கெனத் தனிச் சோதனை உண்டு. ஆகவே ஒருவர் ஒழுங்காக மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்தும் "ஓபியம் இல்லை" என்று முடிவு வரலாம். மருந்தை வெளியில் விற்றுவிட்டார் என்று அதை வைத்துச் சந்தேகிப்பது அறியாமை.

விற்பவர்களும் உண்டு, மறுக்கவில்லை. மருந்தை விற்றுவிட்டு, பரிசோதனையன்று சில துளி மெத்தடோனைச் சிறுநீர்க் குப்பியிலேயே கலந்துவிடுகிறவர்களுக்கும் ஆய்வகத்தில் பதில் இருக்கிறது. விழுங்கிய மெத்தடோனைக் கல்லீரல் உடைக்கும்போது ஈ.டி.டி.பி. என்ற பொருள் உண்டாகிறது. குப்பியில் மெத்தடோன் நிறைய இருந்து ஈ.டி.டி.பி. இல்லை என்றால், அந்த மருந்து உடம்பு வழியாக வரவில்லை என்று பொருள்.

தலைகீழாகவும் நடக்கும். மெத்தடோனைத் தொட்டே பார்க்காதவருக்கு மெத்தடோன் இருப்பதாகப் பட்டை காட்டலாம். சில இருமல் சிரப்புகளிலும் ஒவ்வாமை மாத்திரைகளிலும் இருக்கும் டைஃபென்ஹைட்ரமின் அப்படிக் குழப்பும். மனநல மருந்தான கியூட்டியாபினும் குழப்பும். ஓபியம் சோதனையைக் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் குழப்பக்கூடும். பட்டையின் முடிவு ஒரு சந்தேகம் மட்டுமே. மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற முறையில் உறுதி செய்த பிறகுதான் அதை உண்மை என்று எடுத்துக்கொள்ளலாம். வேலையோ வழக்கோ குழந்தையை வளர்க்கும் உரிமையோ அந்த முடிவைச் சார்ந்திருந்தால், உறுதிச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். சோதனைக்கு முன்பே, எடுக்கிற எல்லா மருந்துகளையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

நம் சமையலறைக் கசகசாவுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. குருமாவில் அரைத்து ஊற்றுகிறோமே, அதில் மிகச் சிறிய அளவில் மார்ஃபின் ஒட்டியிருக்கும். கசகசா கலந்த பண்டத்தைத் தின்றுவிட்டுப் பரிசோதனையில் மாட்டியவர்கள் இருந்ததால், அமெரிக்காவில் அரசு விதிகளின்படி பணியிடங்களில் செய்யும் சோதனைகளில் மார்ஃபினுக்கான வரம்பை 1998-இல் ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராமிலிருந்து 2000 ஆக உயர்த்தினார்கள். ஐக்கிய அரபு அமீரகத்துக்குக் கசகசாப் பொட்டலத்தோடு விமானம் ஏறக் கூடாது என்பதும் அந்த மார்ஃபினால்தான். மெத்தடோன் சோதனையில் மட்டும் கசகசா குறுக்கிடாது.

அமெரிக்காவின் மெத்தடோன் நிலையங்களில் ஒரு நோயாளிக்கு ஆண்டுக்குக் குறைந்தது எட்டு முறை முன்னறிவிப்பில்லாத பரிசோதனை உண்டு. 2024-இல் திருத்திய விதிகளின்படி, நிலையாக இருப்பவர் ஒரு மாதச் சிகிச்சைக்குப் பின் 28 நாள் மருந்தைக்கூட வீட்டுக்கு எடுத்துப் போகலாம். சோதனையில் ஹெராயின் தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். என்ன செய்வது? பேச வேண்டும். மெத்தடோன் அளவு போதவில்லையா, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்க வேண்டும். "போ வெளியே" என்று மருந்தை நிறுத்துவதைப் போல ஆபத்தான காரியம் இதில் வேறில்லை. சிகிச்சையில் இருப்பவர்களிடையே சாவு, சிகிச்சைக்கு வெளியே இருப்பவர்களைவிடப் பாதிக்கும் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சிகிச்சையை விட்ட பிறகு வரும் முதல் நான்கு வாரங்கள் மிக மோசமானவை.

மெத்தடோன் சிகிச்சை மற்ற நாடுகளுக்குப் போக எச்.ஐ.வி. பரவலும் ஒரு காரணமாக இருந்தது. ஊசியைப் பகிர்வதால் நோய் பரவிய மலேசியாவில் 2005-இல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்கினார்கள். இன்று அங்கே அரசுக் கிளினிக்குகளில் கிடைக்கிறது. 2010-இல் கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலிலேயே கொடுக்க ஆரம்பித்தார்கள். 2005-இல்தான் உலக சுகாதார நிறுவனமும் இதை இன்றியமையா மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் ஊசிப் பழக்கத்துக்கு நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரையே பரவலாக இருக்கிறது. 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, இன்றியமையாத ஆறு மருந்துகளுக்கு நாடு முழுவதும் ஒரே விதி கொண்டுவந்தார்கள். அந்த ஆறில் மெத்தடோனும் ஒன்று. புற்றுநோயாளிகளின் நரம்பு வலிக்கும், சிறுநீரகம் பழுதாகி மார்ஃபின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் வலிநிவாரண மருத்துவர்கள் இதை எழுதுகிறார்கள்.

எழுதித் தந்தால் எப்படிப் பத்திரமாக எடுப்பது? மதுவும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. அல்பிரசோலாம், டயசிபாம் போன்றவை மூச்சு மையத்தை மெத்தடோனோடு சேர்ந்து அமுக்கும். ஏற்கெனவே அவற்றை எடுப்பவர் தானாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இதயத் துடிப்பின் ஒழுங்கையும் மெத்தடோன் கெடுக்கலாம். 2006-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைப் பற்றி எச்சரித்தது. அளவு கூடக் கூட ஈ.சி.ஜி. பார்க்கச் சொல்வார்கள்.

காசநோய் நம் ஊரில் அதிகம் என்பதால் இதைச் சற்று நிறுத்திச் சொல்கிறேன். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு மெத்தடோனை வேகமாகக் கரைத்துவிடும். சில நாளில் கொட்டாவி, மூக்கொழுகல், குடைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் திரும்பும். மருத்துவர் அளவைக் கூட்டுவார், சரியாகிவிடும். ஆறு மாதத்தில் காசநோய் மருந்து முடிகிறது. கல்லீரல் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது, கூட்டிய மெத்தடோன் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது. அந்த வாரங்களில் அளவைக் குறைக்காவிட்டால் ஆபத்து. இரண்டு மருந்துகளையும் வெவ்வேறு இடங்களில் வாங்குகிறவருக்கு இதை யாரும் எடுத்துச் சொல்லாமல் போவதுண்டு.

மூன்று நாளோ அதற்கு மேலோ மருந்து தவறிப்போனால், பழைய அளவை அப்படியே விழுங்காதீர்கள். உடம்பு அந்த அளவைத் தாங்கும் பழக்கத்தை இழந்திருக்கும். மருத்துவரைப் பார்த்துக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்க வேண்டும். திரவ மெத்தடோனைக் குடிதண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பெரியவருக்கு அன்றாட மருந்தாக இருக்கும் ஒரு வேளை, வீட்டிலுள்ள குழந்தையின் உயிரைக் குடிக்கப் போதும். பூட்டி வையுங்கள்.

கடைசியாக வீட்டிலுள்ளவர்களுக்கு. என்றுமில்லாத கனத்த குறட்டை, எழுப்பினால் விழிக்காத தூக்கம், நீலம் பாரித்த உதடு, ஊசிமுனையாய்ச் சுருங்கிய கண்மணி, இவற்றில் எது தெரிந்தாலும் அசந்து தூங்குகிறார் என்று விட்டுவிடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழையுங்கள். நலாக்சோன் என்ற மாற்று மருந்து சில நிமிடங்களில் எழுப்பிவிடும். எழுந்தவர், எனக்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்பார். விடாதீர்கள். நலாக்சோன் வேலை செய்வது அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வரைதான். மெத்தடோன் அதற்குப் பின்னும் உள்ளேயே இருக்கும். மருத்துவர்கள் போகலாம் என்று சொல்லும்வரை அவர் மருத்துவமனையிலேயே இருக்கட்டும்.