மென்பொருள் மெதுவாகும்போது முதலில் எதைப் பார்ப்பது?

(தகவல் தொழில்நுட்பத் துறையில் நுழையவிருக்கும் இளையோருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பிள்ளை பெரிய நிறுவனத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறான்; என்ன செய்கிறான் என்றுதான் எமக்கு விளங்குவதில்லை" என்று பெற்றோர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்பணியின் ஒரு பகுதியை இன்று விளக்க விழைகின்றேன்.

பல்லாயிரம் கணினிகளை உடைய நிறுவனம் ஒவ்வொன்றையும் ஆள் வைத்துப் பராமரிக்க இயலாது. மைக்ரோசொஃப்ட்டின் கொன்ஃபிகரேஷன் மனேஜர் போன்ற மென்பொருள்கள் அவற்றை ஓரிடத்திலிருந்து நிர்வகிக்கின்றன. கணினிகளைக் கணக்கெடுப்பதும் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்புவதும் அவற்றின் கடமை. அவை மெதுவானால் திருத்தங்களும் தாமதமாகும்.

தாமதத்தின் விலையை 2017ஆம் ஆண்டு உலகுக்குக் காட்டியது. விண்டோஸின் ஒரு குறைபாட்டிற்கான திருத்தம் மார்ச் 14 அன்று வெளியாயிற்று. மே 12 அன்று அதே குறைபாட்டின் வழியே வானாகிரை பரவியது. இங்கிலாந்தின் பொது மருத்துவ சேவை நிர்வாக அமைப்புகள் 236இல் மூன்றில் ஒரு பங்கேனும் பாதிப்புற்றது. நோயாளிகள் திருப்பி அனுப்பப்பட்டனர். திருத்தம் வெளியாகி இரு மாதங்களாகியும் அது பல கணினிகளைச் சென்றடைந்திருக்கவில்லை.

இனி, நான் பணியாற்றிய ஓரிடத்தில் நிகழ்ந்ததைக் கூறுகின்றேன். நிர்வாகத் திரை திறப்பதற்கே பல நிமிடங்கள் பிடித்தன. "புதிய வழங்கி வாங்குவோம்" என்றனர் மூத்தோர். நானும் தலையசைத்தேன். அண்மையில் வேலைக்குச் சேர்ந்த, எம்மவரான ஓர் இளம்பெண் மட்டும், "வாங்குமுன் ஒருமுறை அளந்து பார்க்கலாமா?" என்று பணிவுடன் கேட்டார்.

அவர் மென்பொருளின் பதிவேடுகளைத் திறந்தார். கணினிகளைக் குழுக்களாகப் பிரித்து வைப்பது இம்மென்பொருளின் வழக்கம். மாற்றங்களை உடனுக்குடன் சேர்க்கும் வசதியை ஒரு குழுவுக்கு இயக்கினால், அக்குழு இயல்பாக 5 நிமிடங்களுக்கு ஒருமுறை மீளக் கணிக்கப்படும். இவ்வசதி 200 குழுக்களுக்கு மேற்படலாகாது என்பது மைக்ரோசொஃப்ட்டின் அறிவுரை. நாங்களோ ஆண்டுக்கணக்கில் யோசியாமல் பல நூறு குழுக்களுக்கு அதனை இயக்கியிருந்தோம். ஒரு சுற்று முடியுமுன் அடுத்த சுற்று காத்து நின்றது. தேவையற்ற குழுக்களுக்கு அதனை நிறுத்தியதும் வேகம் திரும்பியது. புதிய வழங்கி வாங்கும் தேவை எழவில்லை.

எல்லா இடத்திலும் காரணம் இதுவாகவே இராது. எஸ்கியூஎல் சேர்வருக்கு நினைவக உச்சவரம்பு விதிக்காவிடின், அதே கணினியிலுள்ள பிற பணிகளுக்குரிய நினைவகத்தையும் அது எடுத்துக்கொள்ளும். தரவுத்தளச் சுட்டிகள் பராமரிப்பின்றிச் சிதறினால் தேடல் மந்தமாகும். உள்வரும் கோப்புகள் தேங்கும் உறைகளை நச்சுநிரல் தடுப்பான் ஓயாது சோதித்தாலும் தேக்கம் பெருகும். திருத்தங்களை வழங்கும் டபிள்யூசஸ் சேவையில் காலாவதியானவற்றை அகற்றாது விட்டால், ஏறத்தாழ 1.8 ஜிகாபைட் என்ற இயல்பு நினைவக வரம்பை அது தாண்டி, இடையிடையே நின்றுபோகும்.

ஆகவே இளையோரே, ஒழுங்கு ஒன்றைக் கைக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, அன்று எது மாற்றப்பட்டது என்று கேளுங்கள். செயலி, நினைவகம், வட்டு, தரவுத்தளம் ஆகியவற்றுள் எது திணறுகிறது என்று அளவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்; மாற்றியதை எழுதி வையுங்கள்; மீண்டும் அளவிடுங்கள். ஐந்தை ஒருங்கே மாற்றினால் எது நோயைத் தீர்த்தது என்று எவருக்கும் தெரியாது.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே" என்று நாம் பிள்ளைகளை வளர்க்கின்றோம். மரியாதை நல்லது. மரியாதையோடு கேள்வி கேட்கவும் அவர்களுக்குப் பழக்குவோம். அன்று அப்பெண் வாய் திறவாதிருந்தால், நாங்கள் புதிய வழங்கியை வாங்கி, பழைய பிழையை அதிலும் ஏற்றியிருப்போம்.