வீட்டு விலையைக் குறைத்துக் கேட்பது எப்படி?

(கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடந்த இரண்டு மூன்று வருஷங்களில் நம் உறுப்பினர்கள் சிலர் வீடு வாங்குவதற்கு முன் என்னிடம் வந்து கலந்து பேசினார்கள். அவர்களிடம் தனித்தனியே சொன்னதை எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் பௌதிகம் படித்தவன். முப்பத்தாறு வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகம். நாகபுரி, டெல்லி, மும்பை என்று சுற்றியவன். ரியல் எஸ்டேட் நிபுணன் அல்ல. எண்களை எழுதிப் பார்க்கும் பழக்கம் மட்டும் உண்டு, அதுதான் இங்கே உபயோகப்படுகிறது.

கறிகாய்க் கடையில் இரண்டு ரூபாய்க்குப் பத்து நிமிஷம் பேசுகிற நாம், ஒன்றரைக் கோடி ரூபாய் வீட்டை வாங்கும்போது வாயைத் திறக்கக் கூச்சப்படுகிறோம். "அவ்வளவு குறைச்சுக் கேட்டா அவா என்ன நினைச்சுப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. இந்தக் கூச்சத்துக்கு விலை உண்டு. பலருக்கு அந்தப் பணம் பிராவிடெண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் சேர்ந்தது; இன்னொரு முறை வராது. ஆனால் காரணம் சொல்லாமல் "பத்து பர்சென்ட் குறையுங்கள்" என்று கேட்டால் எதிராளிக்குக் கோபம் வரத்தான் செய்யும். குறைவான விலையைக் கணக்கோடு சொன்னால், கோபித்துக்கொள்பவர்கூட அந்தக் கணக்கைப் படிக்காமல் இருப்பதில்லை. இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

என் சகோதரியின் பையன் மும்பை முலுண்டில் ஒரு பிளாட் பார்த்தான். நான்கு மாடிப் பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. விற்பவர் ஒரு குஜராத்திப் பெரியவர். மகனோடு போய் இருக்க உத்தேசம். கேட்ட விலை 1 கோடி 65 லட்சம். பேப்பரில் "900 சதுர அடி" என்றிருந்தது. டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். கார்ப்பெட் ஏரியா 620 சதுர அடிதான். இதில் மோசடி ஒன்றும் இல்லை. பழைய பிளாட்டுகளில் வெளிச்சுவர், மாடிப்படியில் ஒரு பங்கு என்று சேர்த்துச் சொல்வது வழக்கம். 2016இல் வந்த ரெரா சட்டம் புதுக் கட்டடங்களைக் கார்ப்பெட் ஏரியாவில்தான் விற்க வேண்டும் என்கிறது. மறுவிற்பனைக்கு வரும் பழைய வீட்டை நாம்தான் அளந்துகொள்ள வேண்டும். சதுர அடி விலை 26,600 ரூபாய்க்குச் சற்று மேலே வந்தது.

அடுத்து, அதே இடத்தில் மற்றவர்கள் என்ன கொடுத்தார்கள் என்பது. மஹாராஷ்டிராவில் பதிவுத் துறையின் இணையதளத்தில் 'இண்டெக்ஸ் 2' என்ற பதிவுச் சுருக்கத்தை எவரும் தேடிப் பார்க்கலாம். மராட்டியில் 'மோபதலா' என்ற இடத்தில் இருப்பது கொடுத்த விலை. 'பாஜார்பாவ்' என்பது சர்க்கார் போட்ட மதிப்பு. அதே கட்டடத்தில், அதே அளவில், இரண்டாம் மாடி வீடு பதினோரு மாதம் முன்பு 1 கோடி 46 லட்சத்துக்குப் பதிவாகியிருந்தது. புரோக்கர் இதைச் சொல்லவே இல்லை. சில ஊர்களில் பத்திரத்தில் எழுதும் விலை கைமாறிய பணத்தைவிடக் குறைவு என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். ஆகவே அண்டை அயலாரையும் விசாரித்தோம். தொகை சரிதான் என்றார்கள்.

பிறகு ஒரு பிளம்பரையும் எலெக்ட்ரீஷியனையும் அழைத்துப் போனோம். பாத்ரூம் ஒழுகல், பழைய ஒயரிங் இரண்டுக்கும் மூன்றரை லட்சம் என்றார்கள். சொசைட்டியின் பொதுக்குழுத் தீர்மானத்தைப் பார்த்ததில், கட்டட ரிப்பேருக்காக ஒவ்வொரு பிளாட்டும் இரண்டு லட்சம் தர வேண்டியிருந்தது. இது முக்கியம். சொசைட்டி செயலாளரைப் பார்க்காமல் பழைய பிளாட்டுக்கு விலை பேசாதீர்கள். நிலுவை என்ன, ரீடெவலப்மெண்ட் பேச்சு இருக்கிறதா, எல்லாம் அங்கேதான் தெரியும்.

ஒரு வெள்ளைக் காகிதத்தில் எழுதினோம். 1 கோடி 46 லட்சம், கழித்தல் மூன்றரை, கழித்தல் இரண்டு. ஆக 1 கோடி 40½ லட்சம். பதினோரு மாத விலையேற்றத்தை நாங்கள் எழுதவில்லை. அதைச் சொல்வது அவர் வேலை. எங்கள் உச்சவரம்பு 1 கோடி 50 லட்சம் என்று தனிச் சீட்டில் எழுதி, பையனின் ஆத்துக்காரியிடம் கொடுத்து வைத்தோம். பேச்சுச் சூட்டில் ஏறிப் போகாமல் இருக்க அது ஒரு கட்டு.

பெரியவர் தொகையைக் கேட்டதும், "வீடு விற்பனைக்கு இல்லை" என்று ஹிந்தியில் சொல்லி எழுந்துவிட்டார். நான் காகிதத்தை மேஜையில் வைத்து, "தப்பு இருந்தால் திருத்துங்கள்" என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். சமையலறை ஒயரிங்கை ஐந்து வருஷம் முன்பு மாற்றியதற்கு பில் காட்டினார். நியாயம், ஒரு லட்சம் கூட்டினோம். பக்கத்து வீடு விற்று ஒரு வருஷம் ஆகப் போகிறதே என்றார். அதுவும் நியாயம், மூன்று லட்சம் கூட்டினோம். 1 கோடி 44½. அவர் 1 கோடி 55க்கு இறங்கி அங்கேயே நின்றார். நாங்கள் விடைபெற்று வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் ஒன்றும் செய்யவில்லை. இதுதான் கஷ்டமான பகுதி. பையன் தினமும் போன் செய்வான், "மாமா, வேற யாராவது வாங்கிட்டா?" என்று. "வாங்கினா வாங்கட்டும்டா, முலுண்டுல ஒரே ஒரு வீடா இருக்கு?" என்பேன். பதிமூன்றாம் நாள் புரோக்கர் கூப்பிட்டார். 1 கோடி 47 லட்சம், ரிப்பேருக்கான இரண்டு லட்சத்தை விற்பவரே கட்டிவிடுவது என்று முடிந்தது. பெண் பெயரில் மட்டும் வாங்கியதால் மஹாராஷ்டிரா சலுகைப்படி முத்திரைத் தீர்வையில் ஒரு சதவீதம், அதாவது 1,47,000 ரூபாய், மிச்சம்.

அந்தப் பன்னிரண்டு நாளும் பித்ரு பக்ஷம். வட இந்தியாவிலும் மும்பையிலும் அந்தப் பதினைந்து நாளில் வீடு வாங்க வருபவர்கள் குறைவு. நமக்கு ஆடியும் மார்கழியும் போல. பத்திரப் பதிவுக்கும் கிருஹப்பிரவேசத்துக்கும் நாள் பாருங்கள், நானும் பார்ப்பவன்தான். விலை பேச முகூர்த்தம் தேவையில்லை. ஆடியில் பேசி ஆவணியில் பதிவு செய்யலாம்.

புரோக்கரைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு சதவீதக் கமிஷன் என்றால், விலை பத்து லட்சம் குறைந்தால் அவருக்கு நஷ்டம் பத்தாயிரம்தான். வியாபாரம் நடக்காவிட்டால் ஒன்றரை லட்சம் போச்சு. ஆகவே அவர் உங்கள் பக்கமும் இல்லை, விற்பவர் பக்கமும் இல்லை, முடிவதன் பக்கம். உங்கள் உச்சவரம்பை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள். வீட்டைப் பார்க்கும்போது தமிழில் பேசிக்கொள்வதும் ஆபத்து. மாட்டுங்காவில் தமிழ் தெரியாத குஜராத்திக் கடைக்காரரைக் கண்டுபிடிப்பதே கஷ்டம். "கிழக்கு பார்த்த பூஜை ரூம், எவ்வளவு லட்சணமா இருக்கு!" என்று மாமி சொல்லிவிட்டால் இரண்டு லட்சம் போயிற்று. அதே மாதிரி, நம்பாத வாஸ்துக் குறையைச் சொல்லி விலையைக் குறைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. ஒழுகுகிற பாத்ரூம் இருக்கும்போது அது எதற்கு?

எவ்வளவு வரை குறைக்கலாம் என்பதற்குச் சட்டமே ஒரு தரை போட்டிருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியவில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மும்பையில் ரெடி ரெக்னர், டெல்லியில் சர்க்கிள் ரேட், பெங்களூரில் கைடன்ஸ் வேல்யூ, சென்னையில் வழிகாட்டி மதிப்பு என்று பெயர் மாறினாலும் விஷயம் ஒன்றே. முத்திரைத் தீர்வைக்காகச் சர்க்கார் வைத்த மதிப்பு. அந்த மதிப்பு 1 கோடி 50 லட்சம் உள்ள வீட்டை நீங்கள் சாமர்த்தியமாகப் பேசி 1 கோடி 32 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18 லட்சம். உங்கள் விலையில் பத்து சதவீதம் 13 லட்சத்து 20 ஆயிரம்தான். வித்தியாசம் அதைத் தாண்டிவிட்டதால், முழு 18 லட்சமும் உங்கள் வருமானமாகக் கருதப்படும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு 5 லட்சத்து 40 ஆயிரமும் செஸ்ஸும். விற்றவருக்கும் 1 கோடி 50 லட்சம் வாங்கியதாகவே மூலதன ஆதாய வரி. முத்திரைத் தீர்வையும் அந்த மதிப்புக்குத்தான்.  சர்க்கார் மதிப்பு அதிகம் என்று ஆட்சேபித்து மதிப்பீட்டு அதிகாரிக்கு அனுப்பச் சொல்லலாம். அது தனி அலைச்சல். பேச உட்காருவதற்கு முன் இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். முலுண்டு வீட்டுக்கு அது 1 கோடி 31 லட்சம், கவலைப்பட வேண்டியிருக்கவில்லை.

"பாதி ரொக்கமாகக் கொடுத்தால் ஐந்து லட்சம் குறைக்கிறேன்" என்பவரிடம் நமஸ்காரம் சொல்லி வந்துவிடுங்கள். 2015 ஜூன் 1 முதல் வீட்டு விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு அதே அளவு அபராதம். பத்திரத்தில் குறைவாக எழுதினால் பாங்கு கடனும் குறையும். நீங்கள் விற்கும் நாளில் வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் வரியும் ஏறும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விற்கும் வீடுகள் இப்போது அதிகம். மூன்று வார லீவில் வருபவருக்கு லட்ச ரூபாயைவிட நாள் பெரிது. பணம் தயாராக வைத்திருப்பவர் சொல்லும் குறைந்த விலை அவருக்குக் கசக்காது. ஆனால் விற்பவர் இந்தியாவில் வசிக்காதவரானால், 50 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு நாம் பிடிக்கும் வழக்கமான ஒரு சதவீத டி.டி.எஸ். போதாது, அதிகம் பிடிக்க வேண்டும். ஆடிட்டரைக் கேட்காமல் செக் கொடுக்க வேண்டாம்.

புதுக் கட்டடத்தில் பில்டர் சதுர அடி விலையைக் குறைத்து எழுத மாட்டார். அடுத்தவரும் அதையே கேட்பார். கார் பார்க்கிங், முத்திரைத் தீர்வை, மாடிக்கு மாடி கூடும் தொகை, இவற்றில் பேசுங்கள். கட்டி முடித்துச் சான்றிதழ் வந்த வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். இதில் எல்லோரும் என்னோடு ஒத்துப்போக மாட்டீர்கள். ஒரு புறநகரில் தனியாக இருந்த எழுபது வயது மாமி வீட்டை விற்க நினைத்தார். விலை தெரியாமல், நடப்பு விலையைவிட இருபது லட்சம் குறைவாகச் சொன்னார். வாங்கப் போன நம் அன்பர் ஒருவர் என்னிடம் வந்து, "இன்னும் பத்து லட்சம் குறைச்சுக் கேட்கலாமா, மாமா?" என்றார். "முதல்ல இண்டெக்ஸ் 2 காகிதத்தை அந்த மாமிகிட்ட காட்டிட்டு வாங்கோ, அப்பறம் பேசுங்கோ" என்றேன். மனசில்லாமல்தான் காட்டினார். மாமி விலையை ஏற்றினார். வீடு வேறொருவருக்குப் போயிற்று. அன்பர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. என் அபிப்பிராயம் மாறவில்லை. முலுண்டுப் பெரியவர் முன்னால் வைத்த காகிதத்தை இந்த மாமி முன்னாலும் வைக்க முடிய வேண்டும். நம் அங்கத்தினர்களில் வாங்குபவர்கள் எவ்வளவோ, அவ்வளவு பேர் இன்று மும்பை, டெல்லி வீட்டை விற்றுவிட்டுக் கோயம்புத்தூர்ப் பக்கம் முதியோர் குடியிருப்புக்குப் போக நினைப்பவர்கள். விற்கப் போகிறவர்கள் இன்றே உங்கள் கட்டடத்தின் கடைசி இரண்டு பதிவுகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மஹாராஷ்டிராவில் சொசைட்டி கேட்கும் டிரான்ஸ்ஃபர் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விலை முடிந்ததும் டோக்கன் பணத்தை செக்காகக் கொடுத்து, ரசீதில் விலை, கெடு, யார் எந்த நிலுவையைக் கட்டுவது, பத்திரத்தில் வில்லங்கம் இருந்தால் பணம் எத்தனை நாளில் திரும்பும் என்று எழுதி வாங்குங்கள். பில்டரானால் பதிவு செய்த ஒப்பந்தத்துக்கு முன் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்க ரெரா அனுமதிப்பதில்லை.

காபி வந்துவிட்டது என்று செயலாளர் ஜாடை காட்டுகிறார். டெல்லியில் டி.டி.ஏ. பிளாட் வாங்குவது பற்றி முன்வரிசையில் ஒருவர் கேட்க வேண்டும் என்றார், அவர் முதலில் கேட்கட்டும்.