ஒரு பட்டறை, இரு பாதைகள்

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அது பெரும்பாலும் செல்வர் வீட்டு முற்றத்தையே அலங்கரித்தது. ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் தமது முச்சில்லு வண்டிக்கு ஆக்கவுரிமை கோரியது 1886ஆம் ஆண்டில். அதன் பின்னர் பல ஆண்டுகள் வரை கைவினைஞர் ஒவ்வோர் உறுப்பையும் அராவிச் சரிசெய்தே பெரும்பாலான வண்டிகளைப் பூட்டினர். ஆகவே வண்டிகள் சிலவாகவும் விலை பெரிதாகவும் இருந்தன. இந்த வண்டி சிலருக்கா, பலருக்கா என்னும் வினா அப்பொழுதே எழுந்தது. அதற்கு இருவர் அளித்த இருவேறு விடைகள் அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரில் ஒரே பட்டறையிலிருந்து கிளைத்தன என்பது வியப்புக்குரியது.

அந்தப் பட்டறை 1901ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டின் பெயரால் தொடங்கப்பெற்ற கம்பனிக்கு உரியது. முதலிட்டோர் விரைவில் விற்கத்தக்க வண்டியை வேண்டினர். ஃபோர்டின் கருத்தோ பந்தய வண்டியிற் படிந்திருந்தது. 1902இல் அவர் விலகினார். பட்டறையை விற்றுவிடும் எண்ணத்துடன் அதனை மதிப்பிடுமாறு ஹென்றி லீலண்டு என்னும் முதிய பொறியியலாளரை முதலிட்டோர் அழைத்தனர். அவரோ, விற்க வேண்டா, தமது இயந்திரத்தைக் கொண்டு வண்டி செய்யலாம் என்றார். அவ்வாறே டெட்ரொயிட் நகரை நிறுவிய பிரெஞ்சுக்காரரின் பெயரைத் தாங்கிக் கடிலாக் கம்பனி பிறந்தது.

லீலண்டு நுட்ப அளவையே தமது தொழிலின் உயிராகக் கொண்டவர். 1908ஆம் ஆண்டு இங்கிலாந்திலே புறூக்லண்ட்ஸ் பந்தயத் திடலில் மூன்று கடிலாக் வண்டிகள் உறுப்புறுப்பாகக் கழற்றப்பட்டன. உறுப்புகள் யாவும் ஒன்றாகக் கலக்கப்பட்டன. அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று வண்டிகள் பூட்டப்பட்டு, ஒவ்வொன்றும் 500 மைல் ஓடிக்காட்டின. ஒரு வண்டியின் உறுப்பு மற்றொன்றிற்கும் பிசகின்றிப் பொருந்தும் என்பது இதனால் நிறுவப்பட்டது. 1909இல் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தின் உடைமையாகிய கடிலாக், உயர்தர வண்டி என்னும் புகழை நாடியே வளர்ந்தது.

ஃபோர்ட் 1903இல் புதிய கம்பனி அமைத்தார். அங்கும் பிணக்கு எழுந்தது. நிலக்கரி வணிகரும் முதன்மைப் பங்காளருமாகிய அலெக்சாந்தர் மல்கொம்சன், பெரிய விலைக்கு விற்கும் ஆறு சிலிண்டர் வண்டியை விரும்பினார். ஃபோர்டோ மலிவான சிறு வண்டியை விரும்பினார். 1906இல் மல்கொம்சன் தம் பங்கை விற்று விலகினார். தடை நீங்கியது, 1908 ஒக்டோபரில் 'ரீ' மாதிரி வண்டி வெளிவந்தது. வலிய வனேடியம் உருக்கும், மேடுபள்ளமான நாட்டுப்புறப் பாதைக்கு ஏற்ற உயரமும் உடையது அது. குடும்ப வண்டியின் விலை 850 டொலர்.

விலையை மேலும் குறைத்தற்கு 1913இல் நகரும் பூட்டு வரிசை வந்தது. தொழிலாளி வண்டியை நாடிச் செல்லாது, வண்டியே அவனை நாடி வந்தது. அடிச்சட்டத்தைப் பூட்டுதற்கு முன்னர் பன்னிரண்டரை மணி நேரம் சென்றது. அடுத்த ஆண்டில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே சென்றது. 1925இல் மிக மலிவான 'ரீ' வண்டியை 260 டொலருக்கு வாங்க முடிந்தது.

இம்மலிவுக்குரிய விலையைத் தொழிலாளியும் செலுத்தினான். நாள் முழுதும் ஒரே திருகாணியை முடுக்கும் வேலையைப் பொறாது ஆயிரக்கணக்கானோர் விலகிச் சென்றனர். அவர்களை நிறுத்தும் பொருட்டு 1914 சனவரியில், எட்டு மணி நேர வேலைக்கு நாளொன்றுக்கு ஐந்து டொலர் என்று ஃபோர்ட் அறிவித்தார். அதனைப் பெறுவோரின் வீட்டு வாழ்க்கையையும் கம்பனி அலுவலர் ஆராய்ந்தனர். கூலி உயர்ந்தது, ஆனால் வேலையின் சலிப்பு குறையவில்லை.

எனினும், மலிவு ஒன்றே போதும் என்ற எண்ணமும் நிலைக்கவில்லை. பல ஆண்டுகள் 'ரீ' வண்டி கறுப்பு நிறத்தில் மட்டுமே கிடைத்தது. வருவாய் பெருகிய மக்கள் அழகையும் வசதியையும் நாடினர். ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனமோ எளியார்க்குச் செவ்ரொலே முதல் செல்வர்க்குக் கடிலாக் வரை படிப்படியாக வண்டிகளை வகுத்தது. தவணை முறையிற் பணம் செலுத்தவும் வழி செய்தது. ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்ட பின், 1927இல் 'ரீ' மாதிரி நிறுத்தப்பட்டது.

இரு பாதைகளும் ஒன்றையொன்று விட்டு முற்றாகப் பிரிந்தனவும் அல்ல. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை முடுக்கும் இடரை நீக்கிய மின்தொடக்கி 1912இல் கடிலாக் வண்டியில் வந்தது. 1919இல் அது 'ரீ' வண்டிக்கும் கிட்டியது. லீலண்டு பின்னர் நிறுவிய லிங்கன் என்னும் உயர்தர வண்டிக் கம்பனியை 1922இல் விலைக்கு வாங்கியவரும் ஃபோர்டே.

செல்வர்க்கென ஆராய்ந்து செய்த நுட்பம் எளியவர் கைக்கும் வந்து சேரும்போதே பொதுப்பயன் பெறுகின்றது. ஆனால் அது தானாக வந்து சேர்வதில்லை. அதனைப் பலருக்கும் உரியதாக்க வேண்டும் என்று பிடிவாதமாக உழைப்பவர் வேண்டும். மின்கல வண்டிகள் பெருகிவரும் இந்நாளிலும் சிலருக்கா, பலருக்கா என்னும் பழைய வினாவே மீண்டும் எழுந்து நிற்கின்றது.