திருச்சபை கேட்ட கணக்கு



பண்டார் தெங்காராவில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவர்களுக்கு இலங்கை தூரத்து நாடாகத் தெரியலாம். ஆனால், யாழ்ப்பாணத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள் மலேசியாவில் ஏராளம். அந்தத் தீவில் கிறிஸ்தவத் திருச்சபைகளுக்கும் அரசாங்கத்துக்கும் உள்ள உறவு எப்படிப்பட்டது?

இலங்கையில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆனாலும் சிங்களவர், தமிழர் என்ற இரு தரப்பினரும் கணிசமாக உள்ள சமயம் அது. திருச்சபையின் பலமும் அதுவே, சங்கடமும் அதுவே.

ஆங்கிலேயர் காலத்தில் மிஷன் பள்ளிகளுக்குத் தனிச் செல்வாக்கு இருந்தது. பௌத்தர்களுக்கும் இந்துக்களுக்கும் அதில் மனக்குறை உண்டு. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழி, அரசு மானியம் பெற்ற பள்ளிகளைத் தன்வசமாக்கியது. கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள்ளேயே தங்கிப் போராடினார்கள். 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்திற்கு முதன்மை இடம் தந்தது. அன்று திருச்சபை கேட்டது தனது பள்ளிகளை. பின்னாளில் அது கேட்டது மனித உயிர்களுக்கான கணக்கை.

முதலில் கேட்டவர் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப். 2011 ஜனவரியில் அரசாங்கம் அமைத்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் அரசாங்கப் புள்ளிவிவரங்களையே வைத்தார். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்தபின் 2009 ஜூலைக்குள் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380 பேர். மீதி 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்பதே அவர் கேள்வி. பதில் வரவில்லை. மாறாக, 2012இல் ரகசியப் போலீசார் ஆயரிடமே விசாரணை நடத்தினார்கள். 2021 ஏப்ரல் 1ஆம் தேதி அவர் காலமானார்.

இரண்டாவது கேள்வி 2019 ஏப்ரல் 21ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று பிறந்தது. கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களிலும் கொழும்பு ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. சிங்களவரும் தமிழரும் வெளிநாட்டவருமாக 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இந்தியா முன்கூட்டியே எச்சரித்தும் அரசாங்கம் ஏன் தடுக்கவில்லை என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் விடாமல் கேட்டார். பாதிக்கப்பட்டவர்களும் குருமார்களும் நீதிமன்றம் சென்றார்கள். 2023 ஜனவரி 12ஆம் தேதி, முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன தம் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடமை தவறினால் நாட்டின் தலைவரும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்தியது.

ஒரே திருச்சபை, ஒரே நாடு. ஆனால், கொழும்பில் கேட்ட கேள்விக்கு ஓரளவேனும் பதில் கிடைத்தது. மன்னாரில் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. காணாமற்போனோருக்கான அலுவலகத்தை அமைக்க 2016இல் சட்டம் வந்தது. அதற்குப் பிறகும் வன்னித் தாய்மார்கள் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியில் அமர்ந்தார்கள்.

சமய நிறுவனம் அரசாங்கத்திடம் சலுகை கேட்டால் அது அதன் சொந்த விவகாரம். மாண்டவர்களுக்காக உண்மையைக் கேட்டால் அது எல்லாருடைய விவகாரமும் ஆகிறது. நீர்கொழும்புத் தாய்க்காகக் கேட்கும் அதே உரத்த குரலில் முல்லைத்தீவுத் தாய்க்காகவும் திருச்சபை முழுவதும் கேட்கும் நாளில்தான் அந்த நியாயம் முழுமை பெறும்.