அரை நொடி தாமதமான சிரிப்பு



கல்யாண வீட்டில் எங்கள் சித்தப்பாவைத் தேட வேண்டுமென்றால் நேராகக் கை கழுவும் இடத்துக்குத்தான் போவோம். பந்திக் கூடத்துக்கும் குழாய் வரிசைக்கும் நடுவில், தோளில் துண்டோடு நின்றுகொண்டிருப்பார். அங்கே யாரும் நின்று பேசமாட்டார்கள். ஈரக் கையோடு வருகிறவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். அவரும் ஆட்டுவார், சிரிப்பார். மூன்று மணி நேரக் கல்யாணத்தை அப்படியே கடத்திவிடுவார். மணமேடைக்குப் பக்கத்தில் போனால் யாராவது கையைப் பிடித்து உட்காரவைத்துக் கதை கேட்பார்களே, அந்தப் பயம்.

இன்று உங்களோடு தொலைக்காட்சி நகைச்சுவையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எல்லா நகைச்சுவையும் இல்லை. நாலு பேர் நடுவில் எப்போது பேசுவது, எப்போது சிரிப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தடுமாறும் ஒரு மனிதரை நடுநாயகமாக வைத்து எடுத்த தொடர்கள் உண்டு அல்லவா, அவற்றைப் பற்றி. அப்படிப்பட்ட மூன்று தொடர்களை நான் சித்தப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால் அவரை விட்டுவிட்டு இதைப் பேச எனக்கு வராது.

நாங்கள் திருவொற்றியூர்க்காரர்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் லாரி. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856-இல் ராயபுரத்தில் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு வந்த நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் துறைமுகத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாக ஆலைகள் வரிசை கட்டின. தீப்பெட்டி, டயர், மோட்டார் சைக்கிள், லாரி, உரம், அனல் மின்சாரம் என்று இங்கே செய்யாத பொருள் குறைவு. தீப்பெட்டி ஆலையின் பெயர் இன்று மெட்ரோ ரயிலின் கடைசி நிலையங்களில் ஒன்றுக்குப் பெயராக நிற்கிறது, விம்கோ நகர் என்று. சித்தப்பா இவற்றில் எதிலும் வேலை பார்க்கவில்லை. இவற்றுக்கு உதிரிப் பாகம் வார்த்துக் கொடுத்த ஒரு சின்ன பவுண்டரியில் இருந்தார். ஆறிய வார்ப்பிலிருந்து மணலை உதறித் தள்ளி, ஓரத்துப் பிசிறைக் காற்று உளியால் வெட்டி எடுக்கிற வேலை. இருபத்தாறு வருஷம். காதில் வைத்துக்கொள்ள ஒரு துண்டு பஞ்சு, அதுவும் வீட்டிலிருந்து கொண்டுபோனது.

முதலில் பார்த்தது துப்பறியும் சாம்பு. தேவன் என்ற பெயரில் எழுதிய ஆர். மகாதேவன் ஆனந்த விகடனில் படைத்த பாத்திரம் சாம்பு. வங்கிக் குமாஸ்தா, வழுக்கைத் தலை, நாற்பதைத் தொடுகிற வயது, ஊரார் கண்ணுக்கு அசடு. எதையோ உளறுவார், எங்கேயோ தடுக்கி விழுவார், அதனாலேயே திருடன் அகப்பட்டுக்கொள்வான். பார்க்கிறவர்கள் அதை மகா புத்திசாலித்தனம் என்று எடுத்துக்கொள்வார்கள். கோபுலுவின் படங்களில் அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். சென்னைத் தொலைக்காட்சியில் அது தொடராக வந்தபோது சாம்புவாக நடித்தவர் காத்தாடி ராமமூர்த்தி. சோவின் நாடகத்தில் ஏற்ற ஒரு வேடத்தின் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டு காத்தாடி ஆனது.

மாடியில் ஆண்டெனாவைத் திருப்பிப் பிடிக்க ஒருவர், கீழே நின்று "இப்ப சரியா கீது, விடாதே" என்று கத்த ஒருவர் என்று அப்போதெல்லாம் ஒரு தொடர் பார்க்க இரண்டு ஆள் வேண்டும். மாடி ஏறுவது எப்போதும் சித்தப்பாதான். படம் நின்ற பிறகு வந்து வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார். காத்தாடி ராமமூர்த்தி வசனத்தைச் சொல்லிவிட்டு ஒரு நொடி ஒன்றும் புரியாத முகத்தோடு நிற்பார் பாருங்கள், கூடம் முழுக்க அந்த நொடியில்தான் சிரிக்கும். சித்தப்பா எங்கள் முகங்களைப் பார்ப்பார். பிறகு சிரிப்பார். எங்களுக்குப் பின்னால், அரை நொடி தாமதமாக. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். குழந்தைகளான நாங்கள் அதைக் கண்டுபிடித்து, சித்தப்பாவுக்கு ஜோக் மெதுவாகத்தான் ஏறும் என்று சொல்லிச் சிரிப்போம். அவரும் எங்களோடு சேர்ந்து சிரிப்பார், அதற்கும் அரை நொடி கழித்து.

தேவனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் சாம்புவைத் தனியாக விடவில்லை. வேம்பு என்று ஒரு மனைவி, இன்ஸ்பெக்டர் கோபாலன் என்று ஒரு நண்பர். சாம்பு எவ்வளவு உளறினாலும் வீட்டில் சாப்பாடு இருக்கும், தேடி வருகிற ஆள் இருக்கும். அசடு என்று பெயர் எடுத்தவனுக்கும் ஊரில் ஓர் இடம் உண்டு என்கிற அந்த மனசு எனக்கு வளர வளரத்தான் புரிந்தது. ஆனால் சாம்புவின் உலகம் எங்கள் உலகம் இல்லை. வங்கி, பங்களா, வைர நெக்லஸ். எங்கள் பக்கத்து ஆள் திரையில் வந்தால் அவர் சாம்புவாக வரமாட்டார். கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தொண்டை கிழியப் பேசிக்கொண்டு வருவார். லூஸ் மோகன் மெட்ராஸ் பாஷையை எத்தனை அழகாகப் பேசினார்! அந்தப் பேச்சை நான் நேசிக்கிறேன். இருந்தாலும் ராயபுரத்துக்காரர் என்றால் சவுண்டு விடுகிறவர், காசிமேட்டுக்காரர் என்றால் கத்தியோடு நிற்கிறவர் என்று சினிமாவும் தொலைக்காட்சியும் மறுபடி மறுபடி காட்டியதில், வாயே திறக்காமல் குழாயடியில் நிற்கிற ஆள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார் என்பதே வெளியூருக்குத் தெரியாமல் போய்விட்டது.

அப்படி வாய் திறக்காத சித்தப்பாவின் துக்க வீட்டுக் கதை ஒன்றைச் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு சாவு. சித்தப்பா மாலையோடு உள்ளே போனார். இறந்தவரின் மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லி அழுதான். சித்தப்பா அவனைப் பார்த்துச் சிரித்தார். எல்லாருக்கும் எல்லாக் கேள்விக்கும் தருகிற அதே சிரிப்பு. கூடத்தில் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிட்டது. வெளியே வந்த பிறகு சித்தி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். லூசு என்று யாரோ சொன்னது எங்கள் காதில் விழுந்தது. அவர் காதில் விழவில்லை.

அவர் காதில் எதுவுமே சரியாக விழவில்லை என்பதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இன்னும் நாலு வருஷம் ஆனது. பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காது பார்க்க அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போனவரை, அங்கிருந்த டாக்டரம்மா சும்மா உட்காரவைத்துச் சோதித்தார்கள்.

ஆலை இரைச்சல் காதை எப்படித் தின்னும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். உள்காதில் நத்தை ஓடு போல் சுருண்ட ஒரு பகுதி. அதற்குள் மயிரிழை போன்ற செல்கள். நாள்தோறும் பெரிய சத்தம் மோதி மோதி அவை செத்துப்போகும், மனிதர்களுக்குத் திரும்ப முளைக்காது. முதலில் அடிபடுவது 4,000 ஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள கூர்மையான ஒலிகள். தடித்த ஒலிகள் தப்பித்துவிடும். ஆகவே எதிரே நிற்பவர் பேசுகிறார் என்பது கேட்கும், ச, த, க எல்லாம் கரைந்துபோய் என்ன பேசுகிறார் என்பது மட்டும் கேட்காது. கூட்டம் சேர்ந்து, பின்னால் நாதஸ்வரமும் வாசித்தால் அதுவும் போச்சு. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்று நம் தொழிற்சாலை விதிகளில் எல்லை இருந்தது. இரைச்சலால் வரும் செவிட்டுத்தன்மை, 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், மேலிடத்துக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக எழுதப்பட்டிருந்தது. சித்தப்பாவின் நோயை யாரும் யாருக்கும் தெரிவிக்கவில்லை. கூச்ச சுபாவம் என்று நாங்களே பெயர் வைத்து முடித்துவிட்டோம்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆட்கள் உரக்கப் பேசுவதும் சரி, சித்தப்பாவைப் போல் வாயை மூடிக்கொள்வதும் சரி, இரண்டுக்கும் ஊற்று ஒன்றுதான். விசைப்படகு எஞ்சின் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினால்தான் அடுத்தவருக்குக் கேட்கும். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதிய பிறகும் அந்தக் கத்தல் தொண்டையில் தங்கிவிடும். சிலர் கத்திப் பழகிவிடுகிறார்கள். சிலர், இது எதற்கு வம்பு என்று சிரித்துப் பழகிவிடுகிறார்கள்.

சித்தப்பா தடுமாறாமல் இருந்த ஒரே இடம் கேரம் கிளப். நாற்பது வாட் பல்பு போர்டு மேல் தொங்கும், பவுடர் தூவிய பலகை பளபளக்கும். அங்கே பேச்சு யாருக்கு வேண்டும்? சித்தப்பா ஸ்ட்ரைக்கரை விரலால் ஒரு தட்டுத் தட்டி, சிவப்பையும் அதற்குத் துணைக் காயையும் அடுத்தடுத்துப் போட்டுவிட்டு நிமிர்வார். அப்போது அந்த முகத்தில் இருப்பது வேறு ஆள். வெற்றிமாறனின் வட சென்னை படத்தில் நாயகன் அன்பு கேரம் ஆடுகிறவனாக வந்தபோது, வெட்டுக்குத்து எல்லாம் கழித்து எனக்கு மனசில் நின்றது அந்தப் பலகைதான்.

இரண்டாவது தொடர் மிஸ்டர் பீன். இங்கிலாந்தில் 1990 ஜனவரி முதல் தேதி தொடங்கியது. மொத்தமே பதினைந்து பகுதிகள். வெகு காலம் கழித்து போகோ சேனலில் எங்கள் வீட்டுக் குழந்தைகள் அதைப் பார்த்தார்கள். ரோவன் அட்கின்சன் அந்த வேடத்தைத் தொடருக்கு முன்பே மேடையில் செய்து பார்த்தவர். 1987-இல் கனடாவின் மான்ட்ரியல் விழாவில், ஆங்கில அரங்கு இருக்க, பிரெஞ்சு பேசுகிறவர்களின் அரங்கில்தான் ஆடுவேன் என்று கேட்டு வாங்கினார். தன் பாஷை தெரியாதவர்கள் சிரிக்கிறார்களா என்று பார்க்க. அவருக்குத் திக்குவாய் உண்டு, அதை அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். பேச்சு எங்கே சிக்கும் என்று அறிந்த ஒருவர், பேச்சே தேவைப்படாத ஒரு மனிதனைச் செய்தார்.

அந்தப் பிறந்தநாள் காட்சி நினைவிருக்கிறதா? பீன் தனியாக ஒரு ஓட்டலுக்குப் போய் மேஜையில் உட்காருவார். ஒரு வாழ்த்து அட்டையை எடுத்துத் தானே எழுதுவார், உறையில் போடுவார், பிறகு ஒன்றும் தெரியாதவர் போல் திறந்து பார்த்து மகிழ்ந்துபோவார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சித்தப்பா அந்த இடத்தில் சிரிக்கவில்லை. அட்டையை மேஜை மேல் நிற்கவைக்கிற வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தட்டு வந்தது. பிடிக்காத பச்சை இறைச்சியைப் பூ ஜாடிக்குள்ளும் ரொட்டிக்குள்ளும் பீன் ஒளித்துவைக்க ஆரம்பித்தார். சித்தப்பா சிரித்தார். குழந்தைகள் சிரித்த அதே நொடியில். ஒரு காட்சியில் முன்கூட்டியே சிரித்துவிட்டார், என்ன வரப்போகிறது என்று அவருக்கு எங்களுக்கு முன் தெரிந்துவிட்டது. நான் டி.வி.யை விட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் முகத்தையும் பார்த்துச் சம்மதம் வாங்காமல் அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். அரங்கில் பதிவான வெள்ளைக்காரர்களின் சிரிப்பு பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அது அவருக்குத் தேவையே படவில்லை.

மூன்றாவது, தலைவெட்டியான் பாளையம். 2024 செப்டம்பரில் பிரைம் வீடியோவில் வந்தது, எட்டுப் பகுதிகள். இந்தியில் வந்த பஞ்சாயத் தொடரின் தமிழ் வடிவம். இயக்கியவர், ரமணி வர்சஸ் ரமணியும் மர்மதேசமும் தந்த நாகா. சென்னைப் பையன் சித்தார்த் ஊராட்சிச் செயலராகத் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்துக்கு வேண்டாவெறுப்பாகப் போய்ச் சேருகிறான். அபிஷேக் குமார் நடித்திருக்கிறார். சேத்தனும் தேவதர்ஷினியும் அந்த ஊர்த் தம்பதி, வாழ்க்கையிலும் தம்பதி. கதை இரவல்தான். எனக்குப் பிடித்தது, அவசரம் இல்லாதது. யாரோ ஏதோ கேட்பார்கள், சித்தார்த் பதில் தெரியாமல் நிற்பான், கேமராவும் அவனோடு நிற்கும். திறமையுள்ள ஓர் எழுத்தாளர் இதே பொறுமையோடு எங்கள் எண்ணூர் நெடுஞ்சாலைக்கு வந்து எட்டுப் பகுதி எழுத மாட்டாரா என்று ஏங்குகிறேன். பவுண்டரி, கேரம் கிளப், கல்யாண மண்டபத்துக் குழாயடி, பாதி கேட்டும் பாதி கேட்காமலும் ஒரு மனிதர். அவரைப் பார்த்துச் சிரிக்கலாம், தப்பே இல்லை. அவரும் சிரிக்கிற இடம் எது என்று அந்த எழுத்தாளருக்குத் தெரிந்திருந்தால் போதும்.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்து மூன்று. காதுக் கருவி இருக்கிறது. குக்கர் விசிலையும் லாரி ஹாரனையும் சேர்த்துப் பெரிதாக்குகிறது என்று கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிடுவார், தொடர் பார்க்க மட்டும் மாட்டிக்கொள்வார். திருநெல்வேலிப் பேச்சின் வேகம் அவருக்குப் பிடிபடாது. ரிமோட்டை எடுத்து நிறுத்துவார்.

"கண்ணு, இன்னா சொன்னான் அவன்?"

முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்து, உதடு தெரிய, மெதுவாக அந்த வசனத்தைச் சொல்வேன். எனக்கு நெல்லைப் பேச்சு வராது, நம்ம பேச்சில்தான் சொல்வேன். ஒரு கணம் யோசிப்பார். பிறகு சிரிப்பார். படம் அவருக்காக நின்றுகொண்டிருக்கும். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போடு" என்பார்.

இப்படிப் பார்த்தால் ஒரு பகுதிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. ஐந்து முடித்திருக்கிறோம். ஆறாவதுக்கு ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.