நடுக்குவாதமும் மனச்சோர்வும்

1817-ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் நடுக்குவாதத்தைப் பற்றிச் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் விவரித்த நோயாளிகள் அறுவரே. அவர்களிலும் சிலரைத் தெருவில் கண்டதோடு சரி. நோயாளியின் புலன்களும் அறிவும் பழுதுறுவதில்லை என்று அவர் எழுதியது மருத்துவ உலகில் நெடுங்காலம் நிலைத்தது. கை நடுங்கும், தசை இறுகும், நடை தளரும். உள்ளத்துக்குக் கேடில்லை என்ற எண்ணம் வேரூன்றியது. நோயாளி சோர்ந்திருந்தால், இத்தகைய நோய் கண்டவர் வருந்தாமல் என்ன செய்வார் என்று மருத்துவரும் உறவினரும் அமைதி கொண்டனர்.

இவ்விளக்கம் பாதி உண்மையே. மீதிப் பாதியை அறிய இந்திய மூலிகை ஒன்றின் வரலாறு துணை செய்கிறது. சர்ப்பகந்தி வேர் இரத்த அழுத்தத்தையும் சித்தக் கலக்கத்தையும் தணிப்பது குறித்து 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகிய இருவரும் எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் வெளியிட்ட கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. 1952-இல் அவ்வேரிலிருந்து ரெசர்ப்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உண்டோரில் சிலர் கடுஞ்சோர்வில் ஆழ்ந்தனர் என்றும், சிலரிடம் நடுக்குவாதத்தை ஒத்த இறுக்கமும் மந்தமும் தோன்றின என்றும் செய்திகள் வந்தன. சோர்வு பற்றிய செய்திகள் மிகையானவை எனப் பின்னாளில் சிலர் மறுத்துள்ளனர். எனினும் ஆராய்ச்சிக்கு அவை வழி திறந்தன.

டோப்பமின், செரட்டோனின், நார்அட்ரினலின் ஆகியவை நரம்பணுக்களிடையே செய்தி கொண்டு செல்லும் பொருள்கள். ரெசர்ப்பின் இம்மூன்றின் இருப்பையும் வற்றச் செய்கிறது. அம்மருந்தால் அசைவற்றுக் கிடந்த விலங்குகள் லெவோடோப்பா செலுத்தியதும் எழுந்து இயங்கியதை 1957-இல் சுவீடன் நாட்டு ஆர்விட் கார்ல்சன் காட்டினார். இறந்த நோயாளிகளின் மூளையில் டோப்பமின் பெரிதும் குன்றியிருப்பதை 1960-இல் வியன்னாவில் ஹார்னிகீவிச்சும் எரிங்கரும் கண்டறிந்தனர்.

அதன்பின் ஆய்வாளரின் கருத்து முழுவதும் டோப்பமின் மீதே சென்றது. 2003-இல் ஜெர்மானிய அறிஞர் ஹைக்கோ பிராக்கும் உடன் உழைத்தோரும் வேறொன்றைச் சுட்டினர்: சிதைவு பலரிடம் மூளைத்தண்டின் அடிப்பகுதியில் தொடங்கிப் பின்னரே மேலேறுகிறது. செரட்டோனினும் நார்அட்ரினலினும் சுரக்கும் மையங்கள் மூளைத்தண்டிலேயே உள்ளன. எல்லா நோயாளிகளிடமும் இவ்வரிசை பொருந்துவதில்லை. ஆயினும், கை நடுங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்பே சிலரிடம் மனச்சோர்வு தோன்றுவது ஏன் என்பதற்கு இது விடை தருகிறது. நோயை அறியாதவர் அந்நோயை எண்ணி வருந்தியிருக்க முடியாது அல்லவா?

நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் கருதத்தக்க மனச்சோர்வு காணப்படுகிறது. ஆனால் அதனைக் கண்டறிவது எளிதன்று. உணர்ச்சி காட்டாத முகம், தாழ்ந்த குரல், மெல்லிய நடை, உறக்கமின்மை, உடல் மெலிவு ஆகிய யாவும் இரண்டு நோய்க்கும் பொதுவானவை. முகம் வாடாதவரும் உள்ளே வாடியிருக்கலாம்; முகம் இறுகியவர் மன அமைதியுடன் இருக்கவும் கூடும். சோர்வைக் கவனியாது விட்டால் நோயாளி மருந்தையும் உடற்பயிற்சியையும் கைவிடுகிறார். பேணும் மனைவியும் மக்களும் தளர்கின்றனர். மனச்சோர்வு மருந்துகளும் உளவியல் சிகிச்சையும் இந்நோயாளிகளுக்குப் பயன் தருவது ஆய்வுகளில் தெரிந்துள்ளது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அட்டவணையில் பார்க்கின்சன் நோயும் மனநோயும் தனித்தனி இனங்களாக இடம்பெற்றுள்ளன. சட்டத்துக்கு அது தேவை. ஆனால் மருத்துவமனையிலும் அவ்வாறே நரம்பியல் பிரிவு நடுக்கத்தை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவது முறையன்று. கடந்த இரண்டு வாரங்களில் மனம் தாழ்ந்திருந்ததா, வழக்கமான செயல்களில் நாட்டம் குறைந்ததா என்ற இரண்டு கேள்விகளை மருத்துவரே கேட்க வேண்டுமென்பதில்லை. சீட்டு எழுதும் செவிலியர் கேட்கலாம். ஆம் என்பவரை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் அன்றே அனுப்ப இயலும்.