புதிய மன்னரும் பழைய குடிகளும்: பதினோராம் நூற்றாண்டுக் கிளர்ச்சிகள்

(மாநாட்டுத் தலைமை உரை)

வால்டோர்ஃப் நகரில் இன்று தொடங்கும் இக்கருத்தரங்கு, அரியணையைப் புதிதாக அடைந்த மன்னரை எதிர்த்துப் பதினோராம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுந்த கிளர்ச்சிகளை ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளது. 1066-இல் நார்மண்டிக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றான். 1070-இல் கீழைச் சாளுக்கிய இளவரசன் ஒருவன் முதற் குலோத்துங்கன் என்ற பெயருடன் சோழ அரியணை ஏறினான். ஒன்றையொன்று அறியாத இவ்விரு நாடுகளிலும் முடிசூட்டு விழாவைத் தொடர்ந்து கிளர்ச்சிகள் வெடித்தன. அவற்றை அடக்க மன்னர் கையாண்ட வழிகளே பின்னர் ஆட்சியின் நிலையான அமைப்புகளாக உறைந்தன என்பது இவ்வுரையின் கருத்து.

ஹேஸ்டிங்ஸ் போர் 1066 அக்டோபர் 14-ஆம் நாள் ஒரே பகலில் முடிந்தது. ஆனால் நாடு அடங்க ஐந்து ஆண்டுகள் பிடித்தன. 1067-இல் வேல்ஸ் எல்லையில் எட்ரிக் என்ற நிலக்கிழார் வேல்ஸ் மன்னருடன் கூடிக் கிளர்ந்தார். 1068-இல் எக்சிட்டர் நகரம் பதினெட்டு நாள் முற்றுகையைத் தாங்கிய பின்னரே பணிந்தது. 1069 சனவரியில் டர்ஹாம் நகரில் நார்மன் ஆளுநரும் அவர் படையினரும் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் டேனியக் கப்பற்படையும் பழைய அரச குடும்பத்து எட்கரின் ஆதரவாளரும் சேர்ந்து யார்க் நகரைக் கைப்பற்றினர். இதற்கு மறுமொழியாக வில்லியம் அக்குளிர்காலத்தில் வட இங்கிலாந்தின் பயிரையும் கால்நடையையும் களஞ்சியங்களையும் அழித்ததால், வாளுக்குத் தப்பியவர் பலர் பஞ்சத்தில் மடிந்தனர். ஈலி சதுப்புநிலத்தில் ஹெரிவர்டு நடத்திய எதிர்ப்பு 1071-இல் முறியடிக்கப்பட்டது.

இக்கிளர்ச்சிகள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தும் தோற்றதற்குக் காரணம், ஒவ்வொரு வட்டாரமும் தனக்கென ஒரு குறையையும் தனக்கென ஒரு காலத்தையும் கொண்டிருந்ததேயாகும். எக்சிட்டர் எழுந்தபோது யார்க் அடங்கியிருந்தது. யார்க் எழுந்தபோது எக்சிட்டர் மன்னன் பக்கம் நின்றது. 1075-இல் எழுந்த பிரபுக்களின் கிளர்ச்சியில் முன்னின்ற மூவருள் இருவர் மன்னனுக்கு நெருக்கமான குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்பதால், புதிய ஆட்சியின் எதிரிகள் அனைவரும் தோற்ற மக்களிடையே மட்டும் இருந்ததாகக் கருதிவிட இயலாது.

சோழநாட்டிலோ கலகம் குலோத்துங்கனுக்கு வழிவிட்டது. வீரராசேந்திரன் இறந்தபின் பட்டமேறிய அதிராசேந்திரன், மேலைச் சாளுக்கிய ஆறாம் விக்கிரமாதித்தனின் துணை இருந்தும், குறுகிய காலத்திலேயே உள்நாட்டுக் கலகத்தில் உயிரிழந்தான் என்பதை அச்சாளுக்கியனின் அவைப்புலவர் பில்கணர் எழுதிய காவியம் தெரிவிக்கிறது. குலோத்துங்கன், முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியின் மகன். தாய்வழியே வந்த அவ்வுரிமையை எல்லைப்புற நாடுகள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. பாண்டிய நாட்டில் ஐவர் எதிர்த்து நின்றனர், சேரநாடும் கிளர்ந்தது. அவர்களை வென்ற மன்னன், முந்தைய சோழர் மதுரையில் அமர்த்திய சோழபாண்டியர் என்னும் அரசகுல ஆளுநர் முறையைப் புதுப்பிக்காமல், உள்நாட்டு நிர்வாகத்தை அவ்வந்நாட்டாரிடமே விட்டுவிட்டு, கோட்டாறு போன்ற இடங்களில் நிலைப்படைகளை, அதாவது ஓரிடத்திலேயே தங்கிக் காவல் புரியும் படைக்குடியிருப்புகளை நிறுவினான்.

ஈழத்தில் அவ்வழி பயன்படவில்லை. தென்பகுதியான ரோகணத்தில் நெடுங்காலம் வலுத்திரட்டிய விசயபாகு, சோழநாட்டின் குழப்பத்தைப் பயன்படுத்தி, சோழர் சனநாதமங்கலம் எனப் பெயரிட்டிருந்த பொலனறுவையை ஏறத்தாழ 1070-இல் கைப்பற்றினான். ஒரே தலைவன், தொடர்ந்த தளம், உரிய தருணம் ஆகிய மூன்றும் இங்கே ஒருங்கு சேர்ந்தன; இங்கிலாந்துக் கிளர்ச்சியாளருக்கு இவை ஒருசேர வாய்க்கவில்லை. எனினும் விசயபாகுவும் பின்னர் ஒரு கிளர்ச்சிக்கு ஆளானான். மன்னனைக் காக்கச் சூளுரைத்துப் பணிபுரிந்த வேளைக்காரர் என்னும் படையினர், சோழருக்கு எதிராகப் போரிட அனுப்பப்பட்டபோது மறுத்து, அரண்மனைக்குத் தீயிட்டனர். அவர்களை அடக்கிய பின்னரும் அப்படை கலைந்துவிடவில்லை. புத்தரின் புனிதப் பல்லைக் காக்கும் பொறுப்பை வேளைக்காரர் ஏற்றதைப் பொலனறுவையிலுள்ள தமிழ்க் கல்வெட்டு பதிவுசெய்கிறது.

இந்நகருக்கு அண்மையில், ரைன் ஆற்றின் மறுகரையிலுள்ள ஸ்பையர் பேராலயத்தில் அடக்கமாகியிருக்கும் ஜெர்மானிய மன்னன் நான்காம் ஹென்றியையும் இவ்வரிசையில் வைத்து நோக்கலாம். இளமையிலேயே முடிசூடிய அவனை எதிர்த்து 1073-இல் சாக்சனியர் எழுந்ததற்கு, ஹார்ட்ஸ் மலைப்பகுதியில் அவன் எழுப்பிய கோட்டைகள் முதன்மைக் காரணமாயின. இங்கிலாந்தில் கிளர்ச்சியை அடக்கக் கட்டப்பட்ட கோட்டை, சாக்சனியில் கிளர்ச்சியைத் தூண்டியது. ஆகவே, கருவி ஒன்றாயினும் அதன் விளைவு, அந்நிலத்தில் மன்னனுக்கும் குடிகளுக்கும் முன்பே இருந்த உறவைப் பொறுத்தது.

1086-ஆம் ஆண்டு இவ்வொப்பீட்டின் மையமாகிறது. அவ்வாண்டில்தான் வில்லியம் டூம்ஸ்டே எனப்படும் நிலக் கணக்கெடுப்பை நடத்தினான். அதே ஆண்டில் குலோத்துங்கனும் சோழநாட்டை அளக்கச் செய்தான். ஆனால் டூம்ஸ்டே ஏடு, ஆங்கிலப் பெருநிலக்கிழார் ஏறத்தாழ அனைவரும் நிலமிழந்து நார்மன்கள் அவ்விடத்தைப் பிடித்ததையும், வடக்கே பல ஊர்கள் பாழாய்க் கிடந்ததையும் காட்டுகிறது. சோழநாட்டின் அளவையோ வரியை நிர்ணயிக்க உதவியதேயன்றி, நிலவுடைமையாளரை ஒட்டுமொத்தமாக மாற்றியதற்குச் சான்றில்லை.

சான்றுகளை அணுகுவதிலும் விழிப்பு தேவை. அரசனின் வெற்றிகளைக் கல்வெட்டின் முகப்பில் பாடும் மெய்க்கீர்த்தி, பாண்டியர் ஐவரின் தோல்வியை விரித்துரைத்தாலும் ஈழத்தின் இழப்பைச் சொல்வதில்லை. அதை அறிய ஈழத்து வரலாற்று நூலான மகாவம்சத்தை நாட வேண்டும். அவ்வாறே, ஆங்கிலத் தாய்க்கும் பிரெஞ்சுத் தந்தைக்கும் பிறந்த துறவி ஆர்டெரிக் வில்லியமின் பிற வெற்றிகளைப் போற்றினும் வடக்கின் அழிவைக் கடுமையாகக் கண்டித்தார். வென்ற கிளர்ச்சி தோற்றவர் ஏட்டில் மறைகிறது. தோற்ற கிளர்ச்சியோ வென்றவர் மொழியிலேயே எஞ்சுகிறது.

எனவே இங்கு படிக்கப்படவுள்ள கட்டுரைகள், கிளர்ச்சியாளரின் வீரத்தையோ மன்னரின் கொடுமையையோ எடைபோடுவதோடு நில்லாமல், யார் நிலம் இழந்தனர், யார் பதவியில் நீடித்தனர், எந்தப் படை எங்கே குடியமர்த்தப்பட்டது என்ற வினாக்களை ஊர்தோறும் கல்வெட்டுதோறும் தொடர்ந்து கேட்குமாயின், தமிழக வரலாறும் ஐரோப்பிய வரலாறும் ஒன்றையொன்று விளக்கும் நிலை உருவாகும். அந்நோக்குடன் இக்கருத்தரங்கு தொடங்கிவைக்கப்படுகிறது.